ஏற்றமும் இறக்கமும்

"வாழ்க்கை என்றால் மேடு பள்ளம் இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லாத பெரியவர் நம் நாட்டில் இல்லை. கல்யாண வீட்டிலும் சொல்வார்கள். துக்க வீட்டிலும் சொல்வார்கள். பரீட்சையில் தேறாத பையனைத் தேற்றுவதற்கும் இதே வாக்கியந்தான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டபடியால், அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் ஏதாவது உண்டா என்று நாம் யோசிப்பதே இல்லை. ஆனால் மேடும் பள்ளமும் இவ்வளவு இவ்வளவு இருக்கவேண்டும் என்று சட்டமே செய்து வைத்துக்கொண்டு நடத்துகிற விளையாட்டு ஒன்று உலகத்தில் இருக்கிறது. பந்தயப் பாதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏற்றம். ஒரு பங்கு இறக்கம். மிச்சமுள்ள ஒரு பங்கு அலையைப் போல ஏறியும் இறங்கியும் செல்லும் நிலம். இதுதான் அந்தச் சட்டம். விளையாட்டின் பெயர் 'கிராஸ் கண்ட்ரி ஸ்கீயிங்'. தமிழில் நெடுந்தூரப் பனிச்சறுக்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.

"நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், ஐயா? நாம் கண்ட பனியெல்லாம் மார்கழி மாதத்தில் புல் நுனியில் நிற்கிற பனிதானே!" என்று நேயர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் பனிதான் அந்நியமே தவிர, அதன்மேல் ஓடுகிறவர்களுடைய நெஞ்சு அந்நியமல்ல. அவர்கள் படுகிற ஆசையும், அடைகிற ஏமாற்றமும், விடாத பிடிவாதமும் நம் வீட்டுப் பிள்ளைகளிடத்தில் நாம் தினந்தோறும் காண்பவையே. ஆகையால் இந்த வாரம் சிறிது நேரம் குளிர் தேசத்தில் உலாவிவிட்டு வருவோம். கம்பளிச் சட்டை வேண்டியதில்லை.

படங்களில் நாம் பார்த்திருக்கும் பனிச்சறுக்கு பெரும்பாலும் மலை உச்சியிலிருந்து கண்மூடித்தனமாகக் கீழே பாய்கிற வகை. அதில் பாதி வேலையைப் பூமியின் ஈர்ப்புச் சக்தி செய்துவிடுகிறது. நெடுந்தூரப் பந்தயத்தில் அந்தச் சலுகை கிடையாது. நீண்டு மெலிந்த இரண்டு சறுக்குப் பலகைகள். கைக்கு ஒன்றாக இரண்டு கோல்கள். காலணியின் முன்பக்கம் மட்டும் பலகையோடு பிணைந்திருக்கும். குதிகால் தாராளமாக எழும்பும். இவற்றை வைத்துக்கொண்டு 10 கிலோமீட்டர், 20 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர் என்று காட்டிலும் மேட்டிலும் ஓடவேண்டும். வெண்பனியில் வெட்டிய இரட்டைத் தடத்துக்குள் காலை முன்னும் பின்னும் வீசிச் செல்வது பழைய முறை. இரண்டு பலகைகளையும் விரித்து, மாற்றி மாற்றி உந்திச் செல்வது 1980-களில் பரவிய புதிய முறை. மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும் குறும்பந்தயமும் உண்டு; இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடக்கும் பெரும்பந்தயமும் உண்டு.

'ஸ்கீ' என்ற சொல்லே பழைய நார்வே தேசத்துப் பாஷையில் 'பிளந்த மரம்' என்று பொருள்படுவது. அந்தத் தேசங்களில் இது முதலில் விளையாட்டாக இருக்கவில்லை. பக்கத்து ஊருக்குப் போகும் வழியாக இருந்தது. 1924-ஆம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்துச் சாமொனியில் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, 18 கிலோமீட்டர், 50 கிலோமீட்டர் இரண்டிலும் நார்வேயின் தோர்லைஃப் ஹாக் ஜயம் அடைந்தார். பெண்களுக்கு அந்த வாசல் திறந்தது 1952-இல், ஆஸ்லோ நகரத்தில். அதுவும் 10 கிலோமீட்டர் மட்டும். சுவீடனில் 1922 முதல் நடந்துவரும் 'வாஸாலோப்பெட்' என்ற 90 கிலோமீட்டர்ப் பந்தயத்தின் கதை இன்னும் விசித்திரமானது. 1924-இல் மார்கிட் நோர்டின் என்ற பெண்மணி அந்தத் தூரம் முழுவதையும் ஓடி முடித்தார். ஓடி முடித்ததற்குப் பலன் என்ன தெரியுமா? இனிமேல் பெண்கள் இந்தப் பந்தயத்தில் கலந்துகொள்ளக் கூடாது என்று தடை போட்டார்கள்! அந்தத் தடை நீங்கிப் பெண்கள் மறுபடியும் ஓடியது 1981-இல். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தூரம் என்று சர்வதேச சம்மேளனத்தார் 2022-இல்தான் தீர்மானித்தார்கள்.

இனிப் பாதையின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். இந்தப் பந்தயங்களில் பெரும்பாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேரவேண்டும். ஆகவே எத்தனை அடி ஏறினார்களோ அத்தனை அடி இறங்கித்தான் ஆகவேண்டும். கணக்கில் தள்ளுபடி கிடையாது. ஆனால் நேரத்தை அளந்து பார்த்தவர்கள் வேறொரு சங்கதி சொல்கிறார்கள். ஏற்றமும் இறக்கமும் உயரத்தில் சமமானாலும், பந்தய நேரத்தில் பாதிக்கு மேல் ஏற்றத்திலேயே கழிந்துவிடுகிறதாம். இறக்கம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது. யார் முந்தினார், யார் பிந்தினார் என்பதும் அநேகமாக ஏற்றத்தில்தான் நிச்சயமாகிறது.

நம் பேச்சு வழக்கில் ஏற்றம் என்றால் நல்ல காலம். இறக்கம் என்றால் கெட்ட காலம். பனியில் ஓடுகிறவர்களுடைய அகராதியில் இது தலைகீழ். ஏற்றந்தான் அவர்களுக்குக் கஷ்டகாலம்; இறக்கத்தில்தான் மூச்சு விடலாம். இந்த இரண்டு அகராதிகளையும் கையில் வைத்துக்கொண்டு மேலே படிக்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த விளையாட்டில் காலுக்கு மட்டும் வேலையில்லை. கை, தோள், முதுகு, வயிறு எல்லாம் ஒரே சமயத்தில் உழைக்கின்றன. உழைக்கிற தசைகளுக்கெல்லாம் இருதயம் இரத்தம் அனுப்பியாக வேண்டும். நுரையீரல் பிராணவாயு கொடுத்தாக வேண்டும். சாதாரணமான வாலிபர் ஒருவரின் உடம்பு, எடையில் ஒரு கிலோகிராமுக்கு நிமிஷம் ஒன்றில் 40 அல்லது 45 மில்லிலிட்டர் பிராணவாயுவை உபயோகிக்கும். ஒலிம்பிக்கில் 8 தங்கப் பதக்கங்கள் பெற்ற நார்வேயின் பியோன் டேலிக்கு அது 96 என்று சொல்வார்கள். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் இவர்கள் வெட்டுண்ட வாழைமரம்போல் பனியில் விழுந்து கிடப்பதைப் பார்த்தால் முதன்முறை நமக்குப் பயமாயிருக்கும். அது நாடகமல்ல, உடம்பில் மிச்சமொன்றுமில்லை என்பதற்கு அத்தாட்சி.

இதற்காக வருஷத்துக்கு 800, 900 மணி நேரம் அப்பியாசம் செய்கிறார்கள். கோடையில் பனி ஏது? அப்போது சக்கரம் வைத்த பலகைகளைக் கட்டிக்கொண்டு தார் ரோட்டில் ஓடுகிறார்கள், மலையேறுகிறார்கள், பளு தூக்குகிறார்கள். கொட்டகையில் கைதட்டுகிறவர்கள் பார்ப்பது குளிர்காலத்துச் சில நிமிஷங்களை மட்டுமே. வெயிலில் நடந்த மிச்சத்தை ஒருவரும் பார்ப்பதில்லை.

இவ்வளவு பாடுபட்டாலும், பந்தயத்தன்று காலையில் விதி வேறொரு ரூபத்தில் வந்து நிற்கும். அந்த ரூபம் மெழுகு! பழைய முறைப் பந்தயத்தில், காலுக்கு நேர்கீழே பலகையின் அடியில் ஒருவகை மெழுகு பூசுகிறார்கள். உதைக்கும்போது அது பனியைப் பற்றவேண்டும்; சறுக்கும்போது விட்டுவிட வேண்டும். பலகையின் நுனியிலும் கடைசியிலும் வழுக்குவதற்கென்று வேறு மெழுகு. குளிர் எவ்வளவு, பனி புதிதா, பழையதா, ஈரமா, உலர்ந்ததா என்றெல்லாம் பார்த்து இதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி நின்றால் மெழுகு பூசுகிறவர்களின் தலை சுழலும். நம் வீட்டுப் பெண்மணிகள் பாகு பதம் பார்ப்பதை நினைத்துக்கொண்டால் விஷயம் விளங்கும். ஒரு நிமிஷம் தப்பினால் கம்பிப் பாகு கல்லாகிவிடுகிறதல்லவா? 2014-இல் ருஷ்யாவின் சோச்சியில் பனி இளகிக் கிடந்தது. இந்த விளையாட்டின் தாய்நாடான நார்வேயின் அஞ்சல் அணிகள், ஆண்கள் நான்காவதாகவும் பெண்கள் ஐந்தாவதாகவும் வந்து வெறுங்கையோடு திரும்பின. பலகைகளைப் பதமாக்கியவர்கள்மேல் தேசமே கோபித்துக்கொண்டது. ஓடியவர்கள் என்ன செய்வார்கள், பாவம்!

அதே சோச்சியில் வேறொருவருக்கும் நெஞ்சு உடைந்தது. அவர் பெயர் கிக்கன் ராண்டல். அமெரிக்காவின் வடகோடியிலுள்ள அலாஸ்காவில், ஆங்கரேஜ் நகரத்தில் வளர்ந்தவர். அமெரிக்கா எத்தனையோ விளையாட்டுகளில் கொடிகட்டிப் பறக்கிற தேசந்தான். ஆனால் நெடுந்தூரப் பனிச்சறுக்கில் அது அப்போது பரம ஏழையாக இருந்தது. 1976-இல் பில் கோச் என்பவர் பெற்ற ஒரே ஒரு வெள்ளிப் பதக்கந்தான் அதுவரையில் அதன் ஒலிம்பிக் சொத்தாக இருந்தது. பெண்களுக்கு அதுவும் இருக்கவில்லை. இப்படிப்பட்ட தேசத்திலிருந்து ஸ்ரீமதி ராண்டல் 2002-இல் முதல் ஒலிம்பிக்குக்குப் போனார், பின்வரிசையில் வந்தார். 2006-இல் போனார், 2010-இல் போனார், பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் படி ஏறிக்கொண்டே வந்தார். 2009-இல் உலகப் பந்தயத்தில் வெள்ளி பெற்றார். அமெரிக்கப் பெண் ஒருவர் அங்கே பெற்ற முதல் பதக்கம் அது. 2012, 2013, 2014 மூன்று வருஷங்களும் குறும்பந்தயத்தில் உலகக் கோப்பை அவருடையதே.

ஆகவே சோச்சியில் தங்கம் அவருக்கே என்று பலரும் எண்ணியிருந்தார்கள். கால் இறுதிப் பந்தயத்தின் கடைசி நேர்கோட்டில் அவருடைய கால்கள் தளர்ந்தன. அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு 0.05 செகண்டில் தவறிப்போயிற்று. இருபதில் ஒரு செகண்டு! நான்கு வருஷத்து உழைப்பும் அந்த இருபதில் ஒரு பங்குக்குள் விழுந்து மறைந்துவிட்டது. அவ்வளவு பெரிய வீராங்கனை அன்று பிற்பகல் முழுவதும் பார்வையாளராக இருக்க நேர்ந்தது.

அத்துடன் விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவருக்கு 2016-இல் ஆண் குழந்தை பிறந்தது. மறு வருஷமே உலகப் பந்தயத்துக்கு வந்து வெண்கலம் பெற்றார். 2018 பிப்ரவரியில், கொரியாவின் பியாங்சாங் நகரில், தம்முடைய 35-ஆவது வயதில் ஐந்தாவது ஒலிம்பிக்குக்கு வந்தார். இருவர் சேர்ந்து ஓடும் குறும்பந்தயம். ஆளுக்கு மூன்று சுற்று, மாற்றி மாற்றி. ஜோடியாக ஓடியவர் ஜெஸ்ஸி டிகின்ஸ் என்ற இளம் பெண். ஸ்ரீமதி ராண்டல் தம் சுற்றுகளை முடித்து முன்னணியினரோடு சேர்த்தே அவரை அனுப்பிவைத்தார். கடைசி நேர்கோட்டில் டிகின்ஸ் சுவீடனின் ஸ்டீனா நில்ஸனை எட்டிப் பிடித்து, 0.19 செகண்டு முன்னால் காலை நீட்டிக் கோட்டைத் தாண்டினார். அமெரிக்காவுக்கு இந்த விளையாட்டில் முதல் ஒலிம்பிக் தங்கம். ஸ்ரீமதி ராண்டலுக்கு அது பதினெட்டாவது ஒலிம்பிக் பந்தயம், முதல் பதக்கம்.

கதை இங்கே முடிந்திருந்தால் சினிமாவுக்குப் பொருத்தமாயிருக்கும். வாழ்க்கை அப்படி முடித்துக் கொடுப்பதில்லை. தங்கம் பெற்ற சில மாதங்களுக்குள், அதே 2018-இல், அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டிருப்பதாக வைத்தியர்கள் சொன்னார்கள். எல்லாரையும்விட ஆரோக்கியமானவர் என்று உலகம் நினைத்திருந்த உடம்பு! அவர் சிகிச்சை பெற்றார். தமக்கு வந்த நோயை ஒளிக்காமல் வெளியே சொல்லி, மற்றப் பெண்மணிகளையும் காலாகாலத்தில் பரிசோதித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். 2019 நவம்பரில் நியூயார்க் மாரத்தான் ஓட்டத்தை மூன்று மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். நம் வீட்டுப் பெண்மணிகளும் இதைக் கவனிக்க வேண்டும். உடம்பு சொல்லும் சேதியைச் சமையல் வேலை முடியட்டும் என்று தள்ளிப்போடுவது நம்மிடம் பழைய வழக்கம்.

இனிக் கனடா தேசத்து ஸ்ரீமதி பெக்கி ஸ்காட்டின் விஷயம். 2002-இல் ஸால்ட் லேக் நகரத்தில் நடந்த ஒலிம்பிக்கில், 5 கிலோமீட்டர் பழைய முறை, 5 கிலோமீட்டர் புதிய முறை என்று ஓடும் பந்தயத்தில் அவர் மூன்றாவதாக வந்தார். நான்காவதாக வந்த செக் தேசத்து நியூமனோவாவுக்கும் அவருக்கும் 0.1 செகண்டுதான் வித்தியாசம். முன்னால் வந்த இருவரும் ருஷ்யர்கள்: டானிலோவா, லஸுடினா. வட அமெரிக்கப் பெண் ஒருவருக்கு இந்த விளையாட்டில் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் என்று வெண்கலத்தை வாங்கிக்கொண்டு அவர் ஊர் திரும்பினார்.

பிறகுதான் உண்மை மெதுவாக வெளியே வந்தது. முன்னால் வந்த இருவரும் இரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கும் ஒரு மருந்தை உபயோகித்திருந்தது அந்த ஒலிம்பிக்கிலேயே நடந்த பரிசோதனையில் தெரிந்தது. வழக்கு, அப்பீல், மறுபடி வழக்கு. 2003-இல் ஸ்ரீமதி ஸ்காட்டின் வெண்கலம் வெள்ளியாயிற்று. பிறகு வெள்ளி தங்கமாயிற்று. அந்தத் தங்கம் 2004 ஜூன் மாதம் வான்கூவர் நகரில் அவர் கழுத்தில் ஏறியது. ஒரே பந்தயத்துக்கு மூன்று உலோகங்களையும் பெற்றவர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். எந்த மேடையில், எந்த மாலையில், எந்த ஜனங்களின் முன்னிலையில் அந்தக் கீதம் ஒலித்திருக்க வேண்டுமோ, அந்த மாலை திரும்பி வருமா? பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். திருடிய நாளைத் திருப்பிக் கொடுக்க முடியாது. பரீட்சையில் காப்பி அடிக்கிற பையன் யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்று நினைத்துக்கொள்கிறான். அவனுக்கு அடுத்தபடியாக நின்ற பையனைக் கேட்டால் தெரியும்.

ஸ்ரீமதி ஸ்காட் தம் வழக்கோடு நின்றுவிடவில்லை. விளையாட்டிலிருந்து கள்ள மருந்தை ஒழிப்பதற்காகப் பல வருஷங்கள் சர்வதேச சபைகளில் போராடினார். உலகத்தில் அயோக்கியத்தனம் மட்டுந்தான் இருக்கிறதென்று அவர் நம்பிவிடாதபடி செய்தது 2006-இல் இத்தாலியில் நடந்த ஒரு சம்பவமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். இருவர் பந்தயத்தில் அவரும் ஸாரா ரென்னரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். நடுவழியில் ரென்னரின் கோல் ஒடிந்துவிட்டது. ஒற்றைக் கோலோடு ஏற்றத்தில் திணறினார்; மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். பாதை ஓரத்தில் நின்றுகொண்டிருந்த ஒருவர் சட்டென்று தம் கோலை நீட்டினார். ரென்னர் வாங்கிக்கொண்டு ஓடினார். கனடாவுக்கு வெள்ளி கிடைத்தது. கோல் கொடுத்தவர் யார்? போட்டியிட்டுக்கொண்டிருந்த நார்வே அணியின் தலைமைப் பயிற்சியாளர், ஹோகென்ஸ்மோவன்! அந்தப் பந்தயத்தில் நார்வே நான்காவதாக வந்தது. ஒரே ஒரு இடத்தில் பதக்கம் தவறிவிட்டது. கனடா ஜனங்கள் இந்த உபகாரத்தை மறக்கவில்லை. தங்கள் தேசத்து மேப்பிள் மரத்துப் பாகை ஆயிரக்கணக்கான டப்பாக்களில் நார்வேக்கு அனுப்பிவைத்தார்கள். தேசாபிமானம் என்பது பிற தேசத்தாரின் கோல் ஒடிவதைக் கண்டு மகிழ்வது அல்ல என்பதற்கு இதைவிட இனிப்பான அத்தாட்சி கிடைக்காது.

2010-இல் வான்கூவரில் ஸ்லொவீனியா தேசத்துப் பெட்ரா மைடிச், பந்தயத்துக்கு முன் பாதையைப் பார்த்து ஓடும்போது வளைவில் சறுக்கி ஏறக்குறைய 3 மீட்டர் ஆழமுள்ள ஓடைப் பள்ளத்தில் கற்களின்மேல் விழுந்தார். எழுந்து வந்து அன்று ஒரே நாளில் நான்கு சுற்றுகள் ஓடி வெண்கலம் பெற்றார். பிறகு பார்த்தால் ஐந்து விலா எலும்புகள் முறிந்து, நுரையீரலிலும் துளை விழுந்திருந்தது! கேட்பதற்கு மெய்சிலிர்க்கிறது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அடிபட்ட பிள்ளையைப் பார்த்து, "மைடிச் ஓடவில்லையா? நீயும் ஓடு" என்று எந்தத் தகப்பனாரும், எந்த உபாத்தியாயரும் சொல்லக் கூடாது. அந்தத் தீர்மானம் முழு வயது வந்த ஒருவர் தமக்குத் தாமே செய்துகொண்டது. பிறருக்காக நாம் செய்யக்கூடியதல்ல.

இதற்குச் சம்பந்தமான மற்றொரு விஷயம் உண்டு. பெண் குழந்தைகள் உள்ள வீட்டார் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். கடைசி நேர்கோட்டில் சுவீடன்காரியை முந்தினாரே ஜெஸ்ஸி டிகின்ஸ், அவருடைய முகத்தில் எப்போதும் சிரிப்பு. பந்தய நாட்களில் கன்னத்தில் மினுமினுப்புப் பொடி வேறு தூவிக்கொள்வார். இத்தகையவருக்கு என்ன குறை என்று யாருக்கும் தோன்றும். ஆனால் பதினெட்டு, பத்தொன்பது வயதில் அவரை ஒரு கொடிய வியாதி பிடித்திருந்தது. உண்பதும், உண்டதைப் பலவந்தமாக வெளியேற்றுவதும், உடம்பு மெலிந்தால்தான் வேகம் வரும் என்ற எண்ணம் மனத்தை அரிப்பதுமான வியாதி. தாய் தந்தையர் துணையுடன் சிகிச்சை பெற்றுத் தேறினார். பிற்பாடு தாமே அதை உலகத்துக்குச் சொன்னார். 2023-இல் அந்த நோய் திரும்பத் தலைகாட்டியதையும் மறைக்காமல் சொன்னார். அந்தப் பந்தய வருஷத்திலேயே உலகக் கோப்பையில் எல்லாருக்கும் முதலாவதாகவும் வந்தார்.

நோயைச் சொன்னதால் கௌரவம் குறைந்ததா? இல்லை. அதனால் எத்தனை பெண்கள் தங்கள் தாயாரிடம் வாய்திறந்திருப்பார்களோ! நம் ஊரில் பனிப் பந்தயம் இல்லை, ஆனால் "இவ்வளவு பருமனா?" என்று கேட்கும் அத்தைகளும், "இவ்வளவு ஒல்லியா?" என்று கேட்கும் சித்திகளும் ஒவ்வொரு கல்யாணப் பந்தலிலும் இருக்கிறார்கள். மதிப்பெண் குறைந்தால் சாப்பாட்டைத் தள்ளிவைக்கும் குழந்தைகளையும் வகுப்பில் நான் பார்க்கிறேன். சிரித்த முகத்தைக் கண்டதும் எல்லாம் சுகம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஜீவனத்துக்கு என்ன வழி என்று நடைமுறை தெரிந்த நேயர்கள் கேட்பார்கள். இந்த ஓட்டத்தில் பணம் குவிக்கிறவர்கள் மிகச் சிலர். இத்தாலி, ஜர்மனி முதலிய தேசங்களில் அநேக வீரர்கள் பட்டாளத்திலோ, போலீஸிலோ, சுங்க இலாகாவிலோ உத்தியோகத்தில் இருந்துகொண்டே ஓடுகிறார்கள். நம் தேசத்தின் ஜகதீஷ் சிங்கும் இராணுவத்தைச் சேர்ந்தவரே. 2018-இல் பியாங்சாங்கில் 15 கிலோமீட்டர் ஓடி 103-ஆவதாக வந்தார். "103-ஆ?" என்று உதட்டைப் பிதுக்குவதற்கு முன், நூற்று முப்பது கோடி ஜனங்களிலிருந்து அந்தப் பந்தயத்தின் ஆரம்பக் கோட்டில் எத்தனை பேர் நின்றார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

கடைசியாக வருவதற்கும் ஒரு மரியாதை உண்டு என்று உலகத்துக்குக் காட்டிய சம்பவம் 1998-இல் ஜப்பானின் நாகானோவில் நடந்தது. கென்யா தேசத்து ஓட்டக்காரர் பிலிப் போயிட் 1996-இல்தான் பின்லாந்துக்குப் போய்ப் பனிச்சறுக்குப் பழக ஆரம்பித்தார். இரண்டே வருஷத்தில் ஒலிம்பிக்கில் 10 கிலோமீட்டர் பந்தயத்தில் வந்து நின்றார். மேலே சொன்ன பியோன் டேலி 27 நிமிஷத்துச் சொச்சத்தில் முதலாவதாக வந்தார். போயிட் வந்து சேர 47 நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. 92-ஆவது, கடைசி இடம். பதக்கம் வழங்கும் சடங்குக்கு எல்லாரும் அவசரப்படுத்தினார்கள். டேலி அசையவில்லை. எல்லைக் கோட்டருகில் இருபது நிமிஷம் காத்து நின்று, போயிட் வந்து சேர்ந்ததும் மார்போடு தழுவிக்கொண்டார். போயிட் பிறகு பிறந்த தம் மகனுக்கு டேலி என்று பெயர் வைத்தார்.

முதலாவதாக வந்தவருக்கு ஏன் இது தோன்றிற்று? நான் நினைப்பது இதுதான். அந்தப் பாதையின் ஏற்றங்கள் எவ்வளவு செங்குத்தானவை என்பது அன்று அந்த மைதானத்தில் டேலிக்குத் தெரிந்ததுபோல் வேறு யாருக்கும் தெரிந்திராது. பார்க்கிறவர்கள் நேரத்தைப் பார்த்தார்கள். ஓடினவர் ஏற்றத்தை நினைத்தார். 0.05 செகண்டில் தோற்ற ஸ்ரீமதி ராண்டலும் 0.19 செகண்டில் ஜயித்த ஸ்ரீமதி ராண்டலும் ஒரே மனுஷிதான். அந்த இரண்டு நாட்களுக்கும் நடுவே அவர் ஏறிய மேடுகளைக் கடிகாரம் காட்டாது.

இதை எழுதும்போது பரீட்சை முடிவுகள் வெளியாகும் காலம் என் நினைவுக்கு வருகிறது. பள்ளிக்கூட வாசலில் தகப்பனார்கள் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனையாவது?" என்பது. கேட்கட்டும், கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் அதற்கு அடுத்தபடியாக, "எந்த இடத்தில் கஷ்டமாயிருந்தது, அப்பா?" என்று இன்னொரு கேள்வியும் கேட்டால் நன்றாயிருக்கும். பையன் முதலாவதாக வந்திருந்தாலும் கேட்கலாம். கடைசியாக வந்திருந்தால் கட்டாயம் கேட்கவேண்டும். முதல் கேள்விக்குப் பதில் ஒரே எண்ணில் முடிந்துவிடும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல அவனுக்குச் சிறிது நேரம் பிடிக்கும். அதுவரையில் பக்கத்தில் நின்று காத்திருப்பதற்கு இருபது நிமிஷங்கூட வேண்டியிராது.